எத்தனை நிமிடம் தமிழில் பேசினார்கள்?

பயிற்சி ஆசிரியை ஒருவர் மூன்று இரவுகள் கண்விழித்து ஒரு பாடத்தைத் தயாரித்தார். அவர் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியராவதற்குப் பயின்றுவருபவர். கற்பித்தல் பயிற்சிக்காகச் சிங்கப்பூரில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் பத்து வாரங்கள் அனுப்பப்பட்டிருந்தார். உயர்நிலை 2 மாணவர்களுக்கு, 'லிட்டில் இந்தியா – அன்றும் இன்றும்' என்ற தலைப்பில் பேச்சுத்திறன் பாடம் ஒன்றை நடத்த வேண்டியது அவர் பொறுப்பு.

பாடம் திரையில் கோலாகலமாகத் தொடங்கியது. எருமைகள் வரிசையாக நடந்து சென்றன. 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயருக்கு 'எருமைத் தொழுவம்' என்பது பொருள் என்ற செய்தி எழுத்து எழுத்தாக மின்னித் தோன்றியது. தேக்கா சந்தையின் பழைய படம் மெல்லக் கரைந்து, புதிய படமாக மாறியது. இறுதியில் இசையோடு ஒரு புதிர்ப்போட்டி. மாணவர்கள் தங்கள் கணினிகளில் விடைகளைத் தட்டினார்கள். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பது திரையில் உடனுக்குடன் தெரிந்தது. வகுப்பே ஆரவாரித்தது. மணி அடித்தபோது மாணவர்கள் கைதட்டினார்கள்.

பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைப் பார்வையிட்ட வழிகாட்டி ஆசிரியர் பாராட்டிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இன்று ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் தமிழில் பேசினார்?"

பயிற்சி ஆசிரியைக்கு உடனே பதில் சொல்ல இயலவில்லை. தம் கற்பித்தலை மீள்பார்வை செய்வதற்காக அவர் பாடத்தைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்திருந்தார். அன்று மாலை அதைக் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். நாற்பது நிமிடப் பாடத்தில் இருபத்தொன்பது நிமிடம் அவர் குரலே ஒலித்தது. இசைக்கும் போட்டிக்கும் ஏழு நிமிடம் போயிருந்தது. எஞ்சிய நான்கு நிமிடத்தைத்தான் இருபது மாணவர்கள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அதிலும் பெரும்பாலான விடைகள் ஒற்றைச் சொற்கள். போட்டியின்போது எழுந்த ஆரவாரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

தொழில்நுட்பத்தைப் படைப்பாற்றலோடு பயன்படுத்த வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் பலமுறை சொல்லப்படுகிறது. அந்த அறிவுரையில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அது யாருடைய படைப்பாற்றல்? அந்தப் பாடத்தில் படங்களைத் தேடியவர் ஆசிரியை; சொற்களைத் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியை; கதையைக் கோத்தவரும் அவரே. மூன்று இரவுகளில் மிகுதியாகக் கற்றுக்கொண்டவரும் அவராகவே இருந்திருப்பார். மாணவர்கள் நல்ல பார்வையாளர்களாக இருந்தார்கள். மொழிப்பாடத்தில் மாணவரைப் பார்வையாளராக மட்டும் வைத்திருக்கும் தொழில்நுட்பம், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பழைய கரும்பலகையின் வண்ணப் பதிப்புதான்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கருவிகளுக்குக் குறைவில்லை. கல்வி அமைச்சு 1997ஆம் ஆண்டிலேயே கல்வியில் தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் கற்றல் தளம் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. கொவிட்-19 கிருமித்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் 8ஆம் நாள் முதல் நாடு முழுவதும் மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே கற்றார்கள். அதன்பின், 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அனைவரும் சொந்தக் கற்றல் சாதனம் பெறும் நிலை உருவானது. ஆகவே, 'சாதனம் இருக்கிறதா?' என்று கேட்கும் காலம் கடந்துவிட்டது. அதைக் கொண்டு மாணவர் என்ன செய்கிறார் என்பதே இனி ஒரு வருங்கால ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுபவருக்கு ஒரு நல்ல முன்மாதிரி அருகிலேயே உண்டு. சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களை உருவாக்கிய விரிவுரையாளர். இணையம் பரவத் தொடங்கிய 1990களில் கணினியில் தமிழைக் காண்பதே அரிது. ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதம், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். அவர் யாரேனும் வந்து தீர்த்துவைப்பார்கள் என்று காத்திருக்கவில்லை. தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் உருவாக்கும் முயற்சியில் தாமே இறங்கினார். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் திட்டம் 1995இல் வெளியீடு கண்டபோது, அதில் தமிழும் இடம்பெற்றதற்கு அவருடைய உழைப்பு முக்கியக் காரணம். 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடைபெறவும் அவர் முன்னின்றார்.

அவர் கணினியை வியந்து பார்ப்பதோடு நின்றிருந்தால் இவை நடந்திருக்கா. தம் மொழிக்கு ஒரு தேவை இருப்பதை முதலில் கண்டார்; அத்தேவைக்கு ஏற்பக் கருவியை வளைத்தார். படைப்பாற்றல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. முதலில் தேவை, பிறகு கருவி. இவ்வரிசை மாறும்போதுதான் பாடம் வேடிக்கையாகிவிடுகிறது.

சிங்கப்பூர்த் தமிழ் மாணவரின் தேவை என்ன? பல வீடுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கிறார்கள். பள்ளியிலும் பிற பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. சில மாணவர்களுக்குத் தமிழில் பேச நாளில் கிடைக்கும் ஒரே வாய்ப்பு தமிழ் வகுப்புதான். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டு உரையாட வேண்டியிருப்பதால் பேச்சுப் பயிற்சி தேவை என்பது உண்மை. ஆனால், தேர்வு முடிந்த பிறகும் பேச வேண்டுமானால், பேசுவதற்கு ஒரு மனிதரும் ஒரு காரணமும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் தேடித்தர உதவும் தொழில்நுட்பமே தமிழ் வகுப்புக்கு ஏற்ற தொழில்நுட்பம்.

பயிற்சி ஆசிரியை தம் இரண்டாம் பாடத்தை இவ்வழியில் அமைத்தார். இம்முறை படவில்லைகள் இல்லை. மாணவர்களுக்கு ஒரே ஒரு பணி தரப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம், அவர் இளமையில் கண்ட ஓர் இடத்தையோ தொழிலையோ பற்றித் தமிழில் கேட்க வேண்டும். அனுமதி பெற்று, அவர் பேச்சை இரண்டு நிமிடம் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பின்னணி இசையோ அலங்காரமோ கூடாது. பதிவை மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றிவிட்டு, வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும். கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

ஒரு மாணவி தன் பாட்டியின் குரலைப் பதிவு செய்துவந்தாள். "நாங்க அப்ப கம்பத்துல இருந்தோம். மழை பேஞ்சா முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்கும்," என்று பாட்டி தொடங்கினார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. கம்பத்தில் எப்படிக் குடியிருப்பது? ஒரு மாணவர் உடனே மின்னகராதியில் தேடி, 'தூண், கொடிமரம்' என்று படித்துக் காட்டினார். இன்னொருவர், "ஒருவேளை தூண்மேல் கட்டிய வீடாக இருக்கலாம்," என்றார். "அப்படியானால் தண்ணீர் ஏன் முழங்கால் வரை வந்தது?" என்று மூன்றாமவர் மடக்கினார். சிறிது நேரம் விவாதம் தமிழிலேயே நடந்தது. பிறகு அந்த மாணவி பதிவின் அடுத்த பகுதியை ஒலிக்கவிட்டாள். அதில் பாட்டி, அத்தாப்புக் கூரை, பொதுக்குழாய், பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டே போனார். 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல்தான் இவ்வட்டாரத் தமிழர் நாவில் 'கம்பம்' ஆகியிருக்கிறது என்பது அப்போதுதான் வகுப்புக்குப் புரிந்தது.

அகராதி தவறு செய்யவில்லை. அதற்குத் தெரிந்த கம்பத்தை அது சொன்னது. பாட்டியின் கம்பம் பாட்டிக்குத்தான் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்தபோது மாணவர்கள் ஒரு சொல்லின் பொருளோடு, தங்கள் நாட்டின் வரலாற்றில் ஒரு பக்கத்தையும் கற்றார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைக்கப்பட்டதையும், கம்பத்து மக்கள் படிப்படியாக அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்ததையும் அவர்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறார்கள். அந்த மக்களில் ஒருவர் தங்கள் வகுப்புத் தோழியின் பாட்டி என்பதை அன்றுதான் உணர்ந்தார்கள்.

வீட்டில் தமிழ் பேசும் முதியவர் இல்லாத மாணவர்களும் இருந்தார்கள். இத்தகைய பணிகளில் அவர்கள் ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது. அவர்களுள் ஒருவர் பஃப்ளோ சாலையில் பூக்கட்டும் ஒரு பெரியவரிடம் சென்றார். "ரெண்டு முழம் பூ வேணும்னு கேக்குறவங்க, 'உங்க கை முழமா, என் கை முழமா'ன்னு சண்டைக்கு வருவாங்க தம்பி," என்று அவர் சொன்னது பதிவில் தெளிவாகக் கேட்டது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உள்ள நீளமே முழம் என்பதை அந்த மாணவர் தம் கையை நீட்டி விளக்கினார். உடனே மற்றவர்கள் தங்கள் கைகளை ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வழக்கமாக வகுப்பில் வாய் திறக்காத அந்த மாணவர், அன்று ஐந்து நிமிடம் நின்று கேள்விகளுக்குப் பதிலளித்தார்.

இப்பாடத்துக்குத் தேவைப்பட்ட கருவி, எல்லாக் கைப்பேசிகளிலும் உள்ள ஒலிப்பதிவு வசதி மட்டுமே. அதுவும் மாணவரை ஒரு மனிதரிடம் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றுகொண்டது. மேலும், அதற்கு இன்னொரு பயனும் இருந்தது. தங்கள் குரலைத் திரும்பக் கேட்ட மாணவர்கள், 'பழம்' என்பதைப் 'பலம்' என்றும், 'மழை' என்பதை 'மலை' என்றும் தாங்கள் ஒலிப்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் பத்து முறை திருத்தியும் பதியாத லகர, ளகர, ழகர வேறுபாடு, சொந்தக் குரலை ஒருமுறை கேட்டதும் பதிந்தது. யாரும் சொல்லாமலேயே சிலர் மீண்டும் மீண்டும் பதிவு செய்தார்கள்.

இன்றைய வகுப்பறையின் வாசலில் நிற்கும் பெரிய சவால் செயற்கை நுண்ணறிவு. 'நான் கழித்த விடுமுறை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது, ஒரு மாணவரிடமிருந்து பிழையே இல்லாத கட்டுரை ஒன்று வந்தது. அதில் ஆற்றங்கரை இருந்தது. மாட்டு வண்டி இருந்தது. திண்ணையில் அமர்ந்து கதை சொல்லும் தாத்தா இருந்தார். எழுதியவரோ அந்த விடுமுறையில் ஈசூனை விட்டு எங்கும் சென்றதில்லை. கட்டுரையை எழுதியது யார் என்பது ஆசிரியைக்குப் புரிந்துவிட்டது.

இத்தகைய நிலையில் தண்டிப்பது எளிது. கண்டும் காணாமல் விடுவது அதைவிட எளிது. இரண்டும் மாணவருக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. பயிற்சி ஆசிரியை அவர் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில், இயந்திரத்திடம் தாமே ஒரு கட்டுரையைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டினார். "இந்தக் கட்டுரையில் சிங்கப்பூர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து அதைத் திருத்தினார்கள். ஆற்றங்கரை போய் உணவங்காடி நிலையம் வந்தது. மாட்டு வண்டி போய்ப் பெருவிரைவு ரயில் வந்தது. திண்ணையின் இடத்தில் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கல்மேசையும் அதைச் சுற்றிச் சதுரங்கம் ஆடும் முதியவர்களும் வந்தார்கள். பெயர்ச்சொற்களை மாற்றினால் மட்டும் போதாது என்பது இதற்குள் அவர்களுக்கே தெரிந்துவிட்டது. "இந்தக் கட்டுரையில் யாருக்கும் கோபமே வரவில்லை, ஆசிரியர்," என்றார் ஒரு மாணவர். தம்பியோடு தொலைக்காட்சிக்காகச் சண்டை போடாத விடுமுறை ஒரு விடுமுறையா என்று அவர் கேட்டது நியாயமான திறனாய்வு.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இயந்திரம் தரும் கட்டுரையைக் குறை காணவும் செம்மைப்படுத்தவும் ஒருவருக்குச் சொந்த அனுபவமும் சொல்வளமும் வேண்டும். அவை இல்லாதவருக்கு அக்கட்டுரை நல்லதா, கெட்டதா என்பதே தெரியாது. பொது இடங்களில் வைக்கப்படும் சில அறிவிப்புகளில் தமிழ் எழுத்துகள் சிதைந்து கிடப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். 'கொ' என்னும் எழுத்தின் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். புள்ளி காணாமல் போயிருக்கும். தமிழைச் சரியாகக் காட்டத் தெரியாத மென்பொருளில் எழுத்துகளை ஒட்டினால் இப்படி நேர்கிறது. மென்பொருளுக்கு அது பிழையென்று தெரியாது. அச்சிடுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவருக்கும் தெரியாது. பார்த்தவுடன் 'இது தவறு' என்று சொல்லக்கூடிய கண் ஒன்று வேண்டும். அந்தக் கண்ணை உருவாக்குவது தமிழ் வகுப்பின் வேலை. இயந்திரங்கள் வளர வளர, இவ்வேலையின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

தொழில்நுட்பத்தைப் பற்றி எழும் அச்சங்களைப் புறந்தள்ள முடியாது. கணினி திறந்திருந்தால் கவனம் சிதறுகிறது என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மை. விசைப்பலகையில் பழகிய விரல்கள் பேனாவைப் பிடிக்கத் தயங்குகின்றன என்பதும் உண்மை. ஒரு மணிநேரப் பாடத்துக்குப் பத்து மணிநேரம் மின்னியல் பொருள்களைத் தயாரிக்கும் ஆசிரியர் விரைவில் களைத்துப்போவார். தயாரிப்பில் தீர்ந்துபோன அந்த நேரம், ஒரு மாணவரின் கட்டுரையைப் பொறுமையாகப் படிக்கப் பயன்பட்டிருக்கலாம்.

ஆகவே, எப்போது பயன்படுத்தக் கூடாது என்று அறிந்திருப்பதும் படைப்பாற்றலின் ஒரு பகுதியே. ஒரு சிறுகதையை மெல்லப் படித்துச் சுவைக்கும் நேரத்தில் திரை தேவையில்லை. இருவர் முகம் பார்த்துக் கருத்து வேறுபடும்போது திரை இடையூறாகவே இருக்கும். எழுத்தின் வடிவம் கையில் பதிய வேண்டுமானால் தாளில்தான் எழுத வேண்டும். பயிற்சி ஆசிரியையின் ஆறாம் வாரப் பாடம் ஒன்றில், எல்லாக் கணினிகளும் மூடியே இருந்தன. மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்து, ஒரு கதையைச் சொல்லி முடித்தார்கள். ஒலிப்பதிவுக் கருவி மட்டும் ஓர் ஓரத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை அவர் மீண்டும் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தார். அவர் குரல் ஒலித்தது ஒன்பது நிமிடம்.

ஒரு வருங்கால ஆசிரியர் பணியில் சேரும்போது இன்றைய செயலிகளில் பல பழமையாகியிருக்கும். அவர் ஓய்வுபெறும் காலத்தில் எவ்வகைக் கருவிகள் இருக்கும் என்று இப்போது யாராலும் கணிக்க இயலாது. கருவிகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மாறாக, எந்தப் புதிய கருவி கைக்கு வந்தாலும், 'இதனால் என் மாணவர் யாரிடம் பேசுவார்? என்ன செய்வார்? எத்தனை நிமிடம் தமிழ் அவர் நாவில் இருக்கும்?' என்று கேட்கப் பழகியவருக்கு அச்சமில்லை. அந்தக் கேள்விகளில் தேறும் கருவி வகுப்புக்குள் வரலாம். தேறாதது எவ்வளவு புதிதாக இருந்தாலும் வாசலிலேயே நிற்கலாம்.

பத்தாவது வாரத்தின் இறுதியில் பயிற்சி ஆசிரியை விடைபெற்றார். அன்று மாலை, மாணவர் கற்றல் தளத்தில் ஒரு புதிய ஒலிப்பதிவு ஏறியிருந்தது. யாரும் அப்பணியைத் தரவில்லை. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. கம்பத்துப் பாட்டியின் பேத்திதான் அனுப்பியிருந்தாள். பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்ற கதையைப் பாட்டி நான்கு நிமிடம் சொன்னார். பேத்தி இடையிடையே தமிழில் கேள்வி கேட்டாள். சில இடங்களில் சொல் கிடைக்காமல் தடுமாறினாள். பாட்டி சொல்லை எடுத்துக் கொடுத்தார். பதிவின் முடிவில், கருவி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அறியாமல் பாட்டி கேட்டது தெளிவாக ஒலித்தது.

"அவ்வளவுதானா? உங்க டீச்சர் வேற ஒண்ணும் கேக்கச் சொல்லலையா?"